தெளிவாக இருந்தவர்களின் குற்றம்

2006 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மும்பை பாந்த்ரா கார்ட்டர் ரோட்டு நடைபாதையில், பகலெல்லாம் உழைத்த கூலித் தொழிலாளர்கள் வரிசையாகப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டி வந்த இளைஞரின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. சட்டம் பொறுத்துக்கொள்வது 30. கீழ் நீதிமன்றம் ஆறு மாதம் போதும் என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று ஆண்டை உறுதி செய்தது.

ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு போதுமா என்று கேட்பவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கீழ் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவினால் நடந்த செயலாகப் பார்த்தது. மேல் நீதிமன்றங்கள், உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்த செயலாகப் பார்த்தன. குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பது எவனுக்கும் தெரியும், தெரிந்தே எடுத்தான். போதையில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும் என்றால், குடிப்பதற்கு முன்னால் தெரிந்திருந்தது அல்லவா?

இந்தத் தலையங்கம் சொல்ல வருவது அதைத்தான். குடியினால் நடக்கும் சாவுகளுக்கான குற்றத்தை நாம் நள்ளிரவு இரண்டு மணியில் தேடுகிறோம். அது நடந்தது சாயங்காலம் ஏழரை மணிக்கு. செம்பூரில் ஒருவர் வேலையிலிருந்து வந்து, குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, இன்று குடிக்கப் போகிறோம் என்று நன்றாகத் தெரிந்தே ஆணியில் மாட்டியிருக்கும் பைக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறாரே, அந்த நிமிடத்தில். திரும்பி வருவது எப்படி என்று மனைவி கேட்டால், “பாத்துக்கலாம்” என்கிறார். அப்போது அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அந்த நேரத்துக்குப் போதை சாக்காகாது.

“அளவோடு குடியுங்கள்” என்ற அறிவுரையை ஆடி அமாவாசையை ஒட்டி வரும் மராத்தியர்களின் கடாரி இரவிலும், ஹோலியிலும், டிசம்பர் 31லும் காவல்துறை சொல்கிறது, மதுக் கம்பெனிகளும் சொல்கின்றன. தேவைப்படும் நேரத்தில் காது கேட்காத ஆளிடம் சொல்லப்படும் அறிவுரை அது. மூன்றாவது பெக் உள்ளே போனபின் யாரும் அளவு பார்ப்பதில்லை. அளவு பார்க்கிற பகுதிதான் மூளையில் முதலில் தூங்கப் போகிறது. ஆகவே நம் கேள்வி தெளிவாக இருப்பவர்களைப் பார்த்து: குடிக்கப் போகிறவர், ஊற்றிக் கொடுப்பவர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், வீட்டில் காத்திருப்பவர், உரிமம் கொடுப்பவர்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மேஜையில் இருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை. 30 மில்லி விஸ்கி அல்லது ரம், அதாவது ஒரு சின்ன பெக், ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் ஆறு பெக். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நான்கு பெக்குக்குச் சமம். “பீர்தானே அடிச்சேன்” என்று சொல்லி ஸ்டாண்டை எடுப்பவர் நான்கு பெக் விஸ்கி அடித்தவர். வெறும் வயிற்றில் சீக்கிரமாகக் குடித்தால், 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு இரண்டாவது பெக்கிலேயே 30 மில்லிகிராம் எல்லை தாண்டிவிடும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முதல் பெக்கே தாண்டக்கூடும். உடல் ஒரு மணி நேரத்துக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், கடுங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல், வாந்தி எடுப்பது, எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காப்பி குடித்தால் போதையில் இருப்பவன் விழித்திருப்பான், அவ்வளவுதான். ராத்திரி பதினோரு மணிக்குக் குவார்ட்டரை முடித்தவருக்கு, காலை ஆறரைக்குப் பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். தலைவலி மட்டும்தான் இருக்கிறது என்று அவர் நினைக்கிறார்.

இந்தக் கணக்கின்படி, வண்டி ஓட்டப் போகிறவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று நடைமுறையில் இல்லை. பூஜ்யம்தான். பிடிபட்டால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000, இரண்டு ஆண்டு வரை சிறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் இதுதான் சட்டம். ஆனால் போலீஸ் சோதனை நடக்கும் நாக்காபந்தியில் மாட்டாமல் எந்தச் சந்துவழியாக வரலாம் என்று பேசுகிற அளவுக்கு, வண்டியை எப்படி விட்டுவிட்டு வரலாம் என்று நம் பிள்ளைகள் பேசுவதில்லை. போலீஸிடம் மாட்டாமல் தப்பியதை மறுநாள் வீரமாகச் சொல்கிறார்கள். கேட்பவர்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் குற்றத்தின் கூட்டாளி என்றே நாம் கருதுகிறோம்.

“என் உயிர், என் காசு, உங்களுக்கென்ன?” என்று கேட்பவர்கள் மும்பை, புனே சாலைகளில் செத்தவர்கள் யார் என்று பார்க்கட்டும். கார்ட்டர் ரோட்டில் கூலித் தொழிலாளர்கள். 2015 ஜூன் மாதத்தில் செம்பூர் பக்கம் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் தவறான திசையில் வந்த ஒரு கார் டாக்ஸி ஒன்றின் மேல் மோதியது. டாக்ஸி ஓட்டுநரும், குடும்பத்தோடு வெளியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரும் இறந்தார்கள். காரை ஓட்டியவர் சட்டம் படித்தவர். குடித்திருந்தார் என்று போலீஸ் வழக்குப் பதிந்தது. 2024 மே 19 விடியற்காலை புனே கல்யாணி நகரில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள். அதே ஆண்டு ஜூலை 7 காலையில் வொர்லியில், கணவரோடு ஸ்கூட்டரில் வந்த மீன் விற்கும் பெண். ராத்திரி வேலை பார்ப்பவர்கள், விடியுமுன் எழுந்து பிழைப்புக்குப் போகிறவர்கள், படுக்க இடமில்லாதவர்கள், வீடு திரும்பும் குடும்பங்கள். தாராவியில் நம் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து இட்லி வேக வைக்கிறார்கள். நம் ஆட்கள் அந்த இட்லிப் பாத்திரத்தை சைக்கிளில் வைத்துக் கட்டி விடிவதற்குள் சாலைக்கு வந்துவிடுகிறார்கள். பார்ட்டி முடிந்து கார்கள் திரும்பும் நேரமும் அதுதான்.

வொர்லி, புனே இரண்டு வழக்குகளிலும் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் விபத்துக்குப் பிறகு தெளிவாக இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி நாம் பேசலாம். புனேயில் பதினேழு வயதுப் பையனுக்கு மது கொடுக்கப்பட்டது என்றும், அவனுடைய ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்றும் காவல்துறை குற்றம் சாட்டியது; அரசு மருத்துவமனை டாக்டர்களே கைதானார்கள். சிறார் நீதிக் குழுமம் முதல் நாளே ஜாமீன் கொடுத்து, விபத்துகள் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னது. நாடே கொதித்தபின்தான் அது மாறியது. வொர்லி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டார். இரண்டு நாளில் ரத்தத்தில் எந்த மதுவும் தங்காது. இதையெல்லாம் போதையில் யாரும் செய்துவிட முடியாது. போன் போட்டு, ஆள் பிடித்து, நேரம் கணக்குப் போட்டு, நிதானமாகச் செய்கிற வேலை இது. குற்றச்சாட்டுகள் நிரூபணமானால், குடித்து ஓட்டிய இளைஞனைவிட ரத்தக் குப்பியை மாற்றியவருக்குப் பெரிய தண்டனை தர வேண்டும் என்பது நம் கருத்து.

அடுத்து, ஊற்றிக் கொடுப்பவர். மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன்படி குடிப்பவர் ஒவ்வொருவரும் பர்மிட் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் பர்மிட் ஐந்து ரூபாய். அதனால்தான் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பார் வாசலில் ‘பர்மிட் ரூம்’ என்று போர்டு தொங்குகிறது. பெரும்பாலான இடங்களில் அந்தச் சீட்டை யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. விஸ்கி, ரம் போன்ற கடும் மதுவுக்கு இங்கே வயது வரம்பு 25. பீருக்கும் ஒயினுக்கும் 21. வொர்லி விபத்துக்கு முன் அந்த இளைஞர் போன ஜூஹூ பார், 25 நிரம்பாதவருக்கு விஸ்கி கொடுத்ததாகக் கலால் துறை நடவடிக்கை எடுத்து மூடியது. மாநகராட்சி அங்கே சட்டவிரோதக் கட்டுமானத்தை இடித்தது. ஒரு பெண் செத்த பிறகு. அதற்கு முந்தின வாரம் அந்தச் சுவர் சட்டப்படி இருந்ததா? மூன்று நாளில் இடிக்க முடிகிற அலுவலகத்துக்கு முன்பே அது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2017 டிசம்பர் 29, நள்ளிரவு கடந்ததும், லோயர் பரேல் கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி பப்பில் தீப்பிடித்து 14 பேர் செத்தார்கள். அவர்களில் பிறந்த நாள் கொண்டாட வந்த இளம்பெண்ணும் ஒருவர். பலர் ஓட வழியில்லாமல் கழிப்பறைக்குள் போய் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அங்கே செத்தவர்களின் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. எரியக்கூடிய பொருளால் கூரை போட்டவனும், வெளியேறும் வழியை அடைத்தவனும், அதைப் பார்த்துவிட்டுப் போன அதிகாரியும்தான் அங்கே குற்றவாளிகள். ராத்திரி வெளியே போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் இன்னொரு வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள் என்று சொல்லத்தான் வேண்டும், சொல்கிறோம். ஆனால் அந்த வேலையைச் செய்யச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

இப்போது நம்மைப் பற்றி.

மும்பைத் தமிழர்களாகிய நமக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்குத் தீர்க்கப்படாமல் இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்து, விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, பின்னால் ‘வரதாபாய்’ ஆன வரதராஜ முதலியாரை நம்மில் பலர் இன்றும் நம் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோம். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே அவர் போட்ட கணபதிப் பந்தலைப் பற்றிப் பெரியவர்கள் பெருமையோடு பேசுகிறார்கள். ‘நாயகன்’ படம் வந்தபின் அந்தப் பெருமைக்கு இசையும் சேர்ந்துவிட்டது. மதுவிலக்குக் காலத்தில் அவருடைய சாம்ராஜ்யம் எதன் மேல் நின்றது? கள்ளச்சாராயத்தின் மேல். தாராவி, ஆண்டாப் ஹில், சயான் கோலிவாடா சேற்றுக் காடுகளில் எரிந்த ‘ஹாத்பட்டி’ சாராய அடுப்புகளின் மேல். கருப்பு வெல்லத்தையும் நவசாகரத்தையும் டிரம்மில் ஊறப்போட்டு, காய்ச்சி, லாரி டியூபில் அடைத்துக் கொண்டுபோய் விற்ற சரக்கின் மேல். அதைக் குடித்தது மலபார் ஹில் சீமான்கள் அல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவனும், மூட்டை தூக்க வந்தவனும், கூரைக்குத் தகரம் வாங்கக் காசில்லாதவனும்தான். அவன் கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு, அவன் பெண்டாட்டிக்கு ஒரு நாள் அரிசி கொடுத்தவரை வள்ளல் என்று சொல்லிவிட்டோம். 1980களில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் விரட்டியதில் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. 1988 ஜனவரியில் சென்னையில் அவர் இறந்தார். ஆதரவற்ற ஒரு சமூகத்துக்கு அவர் ஆதரவாக நின்ற நாட்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு நம் ஆளே சாராயம் விற்றதை இனியும் பெருமையாகச் சொல்லக்கூடாது. அது தவறு, அன்றும் தவறுதான்.

ஹாத்பட்டி அத்தோடு போய்விடவும் இல்லை. 2004 டிசம்பரில் விக்ரோலியில் கள்ளச்சாராயம் குடித்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் நூற்றுக்கும் மேல். மால்வணி வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பு வர 2024 ஆனது: நான்கு பேருக்குத் தண்டனை, பத்துப் பேர் விடுதலை. அதே 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அதற்கு முந்தின ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதியில் இருபதுக்கும் மேல். டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருக்கும் மாநிலத்திலேயே கூலிக்காரன் பாக்கெட் சாராயத்தைத் தேடிப் போகிறான் என்றால், காரணம் விலை. இன்னொரு காரணம், வேலைக்குப் போகிற வழியில் விடியற்காலையிலேயே அது கிடைப்பது.

இந்தச் சாவுகளில் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் வேலை செய்யும் விதத்தை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குடித்த உடனே அது கொல்லாது. ஈரலுக்குப் போய் மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறும். அரை நாளோ, ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல். பிறகு கண் மங்கும், பனி மூடியதுபோல இருக்கிறது என்பார்கள். “நேத்து ஓவராயிட்டு, தூங்கட்டும்” என்று போர்த்திப் படுக்க வைக்கிற அந்த மணி நேரங்களில்தான் கண் போகிறது, உயிர் போகிறது. அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முறிவு மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. போலீஸ் வருமே, பேர் கெடுமே என்று யாரும் தயங்க வேண்டாம். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலைச் சாராயத்தில் கலந்தவன்தான் தலைகுனிய வேண்டியவன். குடித்தவன் நோயாளி.

தாராவியில் கார் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் நமக்கு ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தண்டவாளத்தில். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களும் ஓடும் ரயிலிலிருந்து விழுபவர்களும் அதில் பெரும்பங்கு. பாலம் ஏறச் சோம்பல்பட்டுக் கீழே இறங்குவது தெளிவாக இருக்கும்போதே ஆபத்து. இன்னொரு இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘மாலா’ என்று நாம் சொல்லும் மேலறைக்குப் போகும் இரும்பு ஏணி. ஏறக்குறைய செங்குத்தாகச் சுவரோடு நிற்கும். பிடித்து ஏற ஒரு நைலான் கயிறு தொங்கும். கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே அடுப்போ, தண்ணீர் டிரம்மோ இருக்கும். தெளிவாக இருப்பவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். குடித்துவிட்டு வந்தவனை அன்று ராத்திரி கீழேயே படுக்க வையுங்கள். பிள்ளைகள் மேலே போகட்டும்.

படுக்க வைப்பதிலும் ஒரு முறை உண்டு. மல்லாக்கப் படுக்கப் போடக்கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, தோல் சில்லிட்டு உதடு நீலம் பாரித்திருக்கிறது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது என்றால் 108க்கு அடியுங்கள். தாராவிக்காரர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கொண்டுபோனாலும் சட்டம் உங்கள் பக்கம்தான். 2019 திருத்தத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு இல்லை என்கிறது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது.

மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வேறொரு நோய். இங்கே வீடுகளில் குடி என்ற பேச்சே கிடையாது. சாமி அறைக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக்கூட எடுக்க மாட்டார்கள். பையன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை ராத்திரி நேரங்கழித்து வருகிறான், பபுள்கம் மென்றுகொண்டே கதவைத் திறக்கிறான். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்; யாரும் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்ததாகிவிடும். இந்த மௌனத்தை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். “அப்பா, குடிச்சிருக்கேன், வண்டி ஓட்ட முடியாது, வந்து கூட்டிட்டுப் போ” என்று போன் பண்ண முடியாத பையன்தான் வண்டியை எடுக்கிறான். அவனுக்குச் சாவைவிட அப்பாவின் முகம் பயமாக இருக்கிறது. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அவள் யாரோடாவது வரட்டும், எப்படியாவது வரட்டும், நம் காதுக்கு வராமல் இருந்தால் போதும் என்ற நிலையில் அவளை வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று. அவள் குடித்திருந்தாள் என்பது அவளுக்கு நேர்ந்த எதற்கும் காரணமாகாது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாத அளவு போதையில் இருப்பவர் தரும் சம்மதம் சம்மதமே அல்ல என்று பழைய தண்டனைச் சட்டமும் சொன்னது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. அவளுக்கு ஒன்றுக்கு இரண்டாக ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் மெதுவாகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு தெளிவாக இருக்கிறான் என்று பாருங்கள். மேஜையில் மற்றவர்களும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, அது அவர்கள் விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். தன் கிளாஸைத் தன் கண்முன் வைத்துக்கொள், கூட வந்தவர்களோடு திரும்பு, இறங்கியதும் மெசேஜ் போடு என்று பெண்களுக்கு நூறு புத்தி சொல்கிறோம். மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தள்ளாடுகிற பெண்ணைத் தொடக்கூடாது என்று ஒரு புத்தி சொன்ன அப்பாக்கள் எத்தனை பேர்?

குடிப்பவர்கள் எல்லோரையும் பாவிகள் என்று சொல்ல இந்தப் பக்கம் பயன்படாது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து காட்டுகிறார்கள். அவர்களுக்கு மனசு இருந்தால் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் முடியும். ஆனால் மாலை போட்டாலும் கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, இந்தியாவில் குடிப்பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி என்றது. அவர்களைத் திட்டியோ, பூட்டி வைத்தோ, சாமி மேல் சத்தியம் வாங்கியோ பயனில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னபடி, உடலுக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை. குடிக்காமல் இருப்பவர்களுக்கு நம் வாழ்த்து. அவர்களைப் பொண்ணு மாதிரி இருக்கிறாயே என்று சீண்டி முதல் கிளாஸைக் கையில் திணிக்கிற அண்ணன்மார்களை நாம் மன்னிக்கத் தயாரில்லை.

சில ஆண்டுகளாக மகாராஷ்டிர அரசு டிசம்பர் 24, 25, 31 இரவுகளில் பார்களை விடியற்காலை ஐந்து மணி வரை திறந்துவைக்க அனுமதிக்கிறது. ஐந்து மணி வரை விற்கலாம் என்றால், ஐந்து மணி வரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அரசின் பொறுப்பு. புத்தாண்டு இரவில் சிறப்பு லோக்கல்கள் விடுகிறார்கள். அது ஒரு ராத்திரிக்கு மட்டும் போதாது, ஹார்பர் லைனில் குர்லாவுக்கு அப்பால் செம்பூர், கோவண்டிப் பக்கம் போகிறவனுக்கும் விடிய விடிய வண்டி வேண்டும். மூச்சுப் பரிசோதனைக் கருவியை நாக்காவில் மட்டும் வைத்தால் போதாது; வாகன நிறுத்தம் உள்ள ஒவ்வொரு பர்மிட் ரூம் வாசலிலும் வைக்கச் சொல்லலாம், உரிம நிபந்தனையாகவே எழுதலாம். வாடிக்கையாளர் தள்ளாடிக்கொண்டு கார் கதவைத் திறக்கும்போது சலாம் போட்டுக் கதவைப் பிடிக்கிற வாட்ச்மேனுக்கு, சாவியைக் கொடுக்காதே என்று சொல்லும் அதிகாரத்தை முதலாளி கொடுக்க வேண்டும். கொடுக்காத முதலாளியின் உரிமத்தைப் பறிக்கச் சட்டத்தில் இடம் தேட வேண்டும். இல்லையென்றால் சேர்க்க வேண்டும்.

செம்பூர்ச் சொசைட்டி மொட்டைமாடிகளிலும் மாட்டுங்கா வீடுகளிலும் தாராவி 90 அடி சாலைச் சந்துகளிலும் டிசம்பர் 31ஆம் தேதி கூடப் போகிறவர்கள், முதல் பாட்டிலைத் திறக்கும் முன் நான்கு காரியம் செய்யுங்கள். இன்று குடிக்கப் போவதில்லை என்பவர் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் கையில் எல்லாச் சாவியையும் கொடுங்கள். சாப்பாட்டை முதலில் போடுங்கள், பன்னிரண்டு மணிக்கு அல்ல. வந்தவர்கள் படுக்க எத்தனை பாய் இருக்கிறது என்று அப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். அப்பாக்கள் அன்று சாயங்காலமே பையனிடம், பெண்ணிடம், தலையைக் குனியாமல் சொல்லிவிடுங்கள்: “எத்தனை மணியானாலும் போன் பண்ணு. நான் வர்றேன். எதுவும் கேட்க மாட்டேன்.” சொன்னபடி போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.